மூன்றாவது அடி விழும் இடம்

கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. வேலையில் சொன்னார்கள், கற்றுக்கொண்டேன்.

2006இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சிகிச்சை அறையைத் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பிறக்கும்போது மூச்சுத் திணறி, அதனால் கால் தசைகள் இறுகிப்போன பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகமாக வருவார்கள். இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள் பக்கத்துக்கு ஒன்றாக ஓடும். பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து பழகுவார்கள்.

எங்கள் தலைமை மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். ஒவ்வொரு பிள்ளையும் நடக்கும்போது பாதம் எப்படித் தரையில் விழுகிறது என்று மாதம் ஒருமுறை படம் எடுத்து வைக்கவேண்டும் என்று சொன்னார். முன்பு படம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போய்விட்டதால் அது என் தலையில் விழுந்தது. பிரிவுக்குச் சொந்தமாக ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. கனமான கறுப்புக் கேமரா. அதில் எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பி, கண்ணாடிக்குள் உருவம் தெளிவாகத் தெரிந்த பிறகு அமுக்கவேண்டும்.

முதல் ரோலில் முப்பத்தாறு படங்கள். கீழ வீதியில் இருந்த கடையில் கழுவக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கப் போனேன். கடைக்காரர் மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

“மேடம், கம்பி எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒருவர்கூடத் தெளிவாக இல்லை. நான் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அவர்கள் ஓரடி தள்ளிப் போயிருந்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதன்மேல் என் கணவருக்குத் தனிப் பெருமை.

“நீ இன்னும் அந்த இரும்பப் புடிச்சித் திருவிக்கிட்டு இருக்கியா? இத எடுத்துக்கிட்டுப் போ. லேசா அமுக்குனா அதுவே பாத்துக்கும்.”

எடுத்துக்கொண்டு போனேன். அன்று வந்தது ஆறு வயதுப் பெண் குழந்தை. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம் அவர்களுக்கு. அப்பா சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் அம்மாதான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடக்கும் குழந்தை. கம்பியை விட்டால் விழுந்துவிடுவாள். வாய் மட்டும் ஓயாது.

டிஜிட்டல் கேமராவை அவள் பக்கம் திருப்பி லேசாக அமுக்கினேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. குழந்தை அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, அதுல லைட்டு எரியுது! இன்னொருவாட்டி போடுங்க!”

மறுபடி நடக்கச் சொன்னேன். இந்த முறை நடந்தாள். ஆனால் நான் அமுக்கிய பிறகு கேமரா சற்று யோசித்தது. அது யோசித்து முடித்துப் படம் எடுத்தபோது குழந்தையின் கவுன் ஓரம் மட்டும் அகப்பட்டது. பின்னால் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படம், எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி வந்திருந்தது.

மருத்துவர் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அது கண்டுபுடிக்கிறதுக்குள்ள புள்ள வீடு போய்ச் சேந்துடும்மா” என்றார்.

அதற்கு மறுவாரம் ஒரு யோசனை வந்தது. என் சொந்த வேலையிலிருந்தே வந்தது என்பதால் இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிள்ளைகளின் பாதத்தில் பவுடர் பூசி, கறுப்பு ரெக்ஸின் விரிப்பின்மேல் நடக்கவைத்து, அடிக்கு அடி எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுதுவது எங்கள் வழக்கம். இறுகிய கால்கள் இஷ்டத்துக்கு எட்டி வைக்காது. அந்தக் குழந்தையின் அடி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியென்றால் கம்பியின் தொடக்கத்திலிருந்து மூன்றாவது அடி எங்கே விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். நான் ஏன் அவள் பின்னாலேயே வளையத்தைத் திருப்பிக்கொண்டு ஓடவேண்டும்?

தரையில் அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். பழைய கேமராவை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தேன். பிளாஸ்திரி தெளிவாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பிவிட்டு அதன் பிறகு தொடவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பாதம் பிளாஸ்திரியைத் தொடும்போது அமுக்கினேன்.

அந்த ரோலைக் கழுவி வாங்கியபோது கடைக்காரர் படத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ சொன்னார். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளி, கணுக்காலில் புடைத்திருந்த நரம்பு, நகத்தில் பாதி உரிந்த சிவப்பு நகப்பூச்சு, எல்லாம் தெளிவாக இருந்தன.

இரண்டு மாதம் இப்படியே நன்றாகப் போனது. மூன்றாவது மாதம் குழந்தை விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பிளாஸ்திரி இருக்கும் இடத்தில்தான் ஆன்ட்டி போட்டோ எடுக்கிறாள் என்று புரிந்துவிட்டது. நேராக அங்கே வந்து காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முகத்தை இறுக்கமாக ஆக்கிக்கொண்டு நின்றாள்.

“நிக்காதடா, நட!” என்றேன்.

கம்பியின் மறுமுனையில் நின்ற அவள் அம்மா குறுக்கே புகுந்தாள். “போட்டோ புடிக்கும்போது ஆடாம நில்லுடி! கைய நேரா வெய்யி! தலைய நிமிரு!”

“இல்லம்மா, நடக்கிறதுதான் எனக்கு வேணும். நிக்கச் சொல்லாதீங்க.”

“நடந்தா ஆடிடும் சிஸ்டர்.” நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மருத்துவமனையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சிஸ்டர்தான்.

அன்றைக்கு ஐந்து முறை நடக்கவிட்டேன். ஐந்து முறையும் பிளாஸ்திரிமேல் வந்து நின்றாள். என் கண் குதிகாலின் மேலேயே இருந்தது. அமுக்கிய மூன்று படமும் வீணாகிவிட்டது என்ற எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் கழித்துப் படங்களை மருத்துவர் அம்மாவின் மேஜையில் வைத்தேன். “இது மூணும் வேஸ்ட் மேடம். நின்னுட்டா” என்று ஓரமாகத் தள்ளினேன். அவர் அதில் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்றாவதையும்.

“யாரு புடிச்சிருக்காங்க இவள?”

“யாரும் புடிக்கல மேடம். கம்பியத்தான்…”

படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். குழந்தையின் இரண்டு கைகளும் தொடையை ஒட்டி நேராக இருந்தன. கம்பி அவளுக்கு இரண்டு பக்கமும் சும்மா இருந்தது. மூன்று படத்திலும் அப்படியே.

“விழுந்திருந்தா?” என்று கேட்டார் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. கண்ணெதிரே ஒரு குழந்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பிடிமானம் இல்லாமல் நின்றிருக்கிறாள், நான் ஃபிலிம் போச்சே என்று அலுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தணிந்து, “சரி, நாளைக்கு அந்தப் புள்ள வருதில்ல? பாப்போம்” என்றார்.

மறுநாள் மருத்துவர் அம்மா, நான், உதவிக்கு ஆயா என்று மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டோம். கேமராவைத் தூக்கி, “போட்டோ” என்றேன். குழந்தை கம்பியை விட்டாள். கைகளைத் தொடையோடு ஒட்டினாள். மருத்துவர் அம்மா மெதுவாக எண்ணினார். ஒன்பதில் முழங்கால் ஆடியது. பதினொன்றில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, “எடுத்துட்டீங்களா?” என்றாள்.

அவள் அம்மாவுக்கு நாங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறோம் என்று முதலில் புரியவில்லை. சொன்ன பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நாந்தான் சிஸ்டர் கைய நேரா வெய்யின்னு சொன்னேன். அவளும் வெச்சிட்டா. எனக்கும் தோணல பாருங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த நிக்கிற போட்டோவ எனக்கு ஒண்ணு பெருசா போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டாள். “ஊட்ல ஒரு போட்டோகூட இல்ல சிஸ்டர். எங்க கல்யாணப் படம், இவளோட மொட்ட போட்டது, எல்லாம் சுனாமில போயிடுச்சி. இப்ப புது ஊட்டுக்கு வந்தாச்சி, செவுரு சும்மாவே கெடக்குது.”

அவள் எதற்காகக் குழந்தையை ஆடாமல் நிற்கச் சொன்னாள் என்று அப்போது விளங்கியது. எனக்குக் குதிகால் வேண்டியிருந்தது. அவளுக்கு மகள் வேண்டியிருந்தாள்.

அடுத்த முறை குழந்தைக்குப் பச்சைப் பாவாடை கட்டி, கனகாம்பரம் வைத்துக் கூட்டி வந்தாள். நான் அன்றைக்குக் கணவரின் டிஜிட்டல் கேமராவைக் கொண்டுபோயிருந்தேன். குழந்தை கம்பியை விட்டுவிட்டு நின்றாள். கட்டம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கேமராவுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரமும் அவளால் நிற்க முடிந்தது. அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர், “செவுத்துல மாட்டுனது எந்தக் கேமரா எடுத்தது?” என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவளுக்கு வேகமாகவே முன்னேற்றம் வந்தது. நடைவண்டி, பிறகு ஒரு கைக்கோல். 2009இல் ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று ஆனது. கடைசியாக வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டுக் கோலாலேயே ஒன்று வைத்துவிட்டதாக அவள் அம்மா புகார் சொன்னாள். நான் கண்டிக்கவேண்டும் என்று எதிர்பார்த்தாள். என்னால் முடியவில்லை.

இதற்கு நடுவில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்து, நடந்து, ஓடவும் தொடங்கியிருந்தான். கணவர் ஒரு பெரிய டிஜிட்டல் கேமராவே வாங்கிவிட்டார். பிள்ளை ஓடினால் கூடவே தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டு போகுமாம். மருத்துவர் அம்மாவிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பழைய கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம்.

“பாத்துக்கிட்டே இருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு மணலில் ஒரு சிப்பியை வைத்தேன். வளையத்தைத் திருப்பி அதில் நிறுத்தினேன். மகன் அலையிலிருந்து என்னை நோக்கி ஓடிவருவான், சிப்பியைத் தாண்டும்போது அமுக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஓடிவந்தான். பாதி வழியில் ஒரு நண்டைப் பார்த்து இடது பக்கம் திரும்பினான். அதை விட்டுவிட்டு யாரோ விட்டுக்கொண்டிருந்த பட்டத்தின் பின்னால் போனான். திரும்பி அலைக்குப் போனான். மறுபடி என்னை நோக்கி வந்தவன் சிப்பிக்கு இரண்டடி முன்னால் உட்கார்ந்து மணலைத் தோண்டத் தொடங்கினான். நான் வேர்த்துப்போனேன். அடி அளந்து பழகிய என் கணக்கு எதுவும் அவனிடம் செல்லவில்லை. எந்தக் கால் எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது.

கணவரின் கேமரா டப டப என்று ஓடிக்கொண்டிருந்தது. நிறையப் படங்களில் அவனுக்குப் பின்னால் நின்ற படகுதான் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஏழெட்டுப் படங்களில் அவன் இருந்தான், வாயைப் பிளந்துகொண்டு, இரண்டு காலும் தரையில் இல்லாமல்.

“என்னா மேடம், ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறேன். கொடுங்க அத.”

எனக்குள் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. கணக்குக்கு அடங்காமல் ஓடுகிற ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைப்போன்ற வேலையில் இருப்பவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். பிறகும் கம்பிகளுக்கு நடுவில் நடக்கும் பிள்ளைகளைப் பழைய கேமராவில்தான் எடுத்தேன். 2012இல் நான் வேலை மாறும்வரை அப்படித்தான். என் மகனை எடுக்க மட்டும் அதைத் தொடவில்லை.

அன்று கணவரின் கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மகனைத் தேடினேன். அவன் சுண்டல் விற்கிறவரின் வாளிக்குப் பக்கத்தில் நின்று, மாங்காய் தூக்கலாகப் போடும்படி அவரிடம் பேசிக்கொண்டிருந்தான். மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். அவன் தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதிலும் பாதியைத் தின்றான்.

“கெளம்பலாமா? ஏழாவப்போவுது” என்றார் கணவர்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுங்க” என்றேன்.