கேரவனுக்குள் இருந்த செல்லு

போன வருஷம் மழை சமயத்தில், திருப்பூர் மண்ணரையில் நடந்தது இது. நான் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷமாகிவிட்டதால் இந்த ஊர் பேச்சு எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு இருந்தது.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் கோளாறு. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. ரயிலில் படுத்துப் போகலாம்தான். ஆனால் ஸ்டேஷன் படி ஏறி இறங்கி, அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு வண்டி பிடிப்பதெல்லாம் அவளால் ஆகாது. நாலு வருஷமாகப் பிறந்த ஊரைப் பார்க்கவில்லை. அவள் ஊர் சர்ச் பண்டிகையில் கடைசி நாள் அசனம், ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்காவது போய்வர வேண்டும் என்று ஏங்கினாள். ஆம்புலன்ஸில் போகலாமா என்று கேட்டேன். “பண்டிகைக்கு வார வண்டியா அது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் வேன் ஓனர், தன் பழைய கேரவனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு காலத்தில் ஷூட்டிங்குக்கு ஓடியது. பின்பக்கம் கட்டில், ஒரு சின்ன அலமாரி, எல்லாம் பிளைவுட்டில் செய்தது. பல வருஷமாக அருள்புரத்தில் ஒரு ஷெட்டில் டயர் மண்ணில் புதைந்து நின்றது. சாவி கொடுக்கும்போது, “ஏனுங்க, கட்டில் பக்கம் செல்லு இருக்குதுங்க. அதை எடுத்துப்போட்டுத்தான் ஊட்டுக்காரம்மாவைப் படுக்க வெக்கோணும்ங்க” என்றார்.

யாரோ செல்போனை விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்திரமாக எடுத்து உங்களிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எனக்கு எதுக்குங்க அது?” என்றார். போனைக்கூட வேண்டாம் என்கிறாரே, என்ன பெரிய மனசு என்று வியந்துகொண்டே, பேட்டரி மாற்றி டயருக்குக் காற்றடித்து வண்டியை ஓட்டி வந்தேன்.

வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தி, கட்டில் பக்கமெல்லாம் தேடினேன். போன் இல்லை. அவர் நம்பருக்கே அடித்தால் சத்தம் கேட்குமே என்று அடித்தேன். அவரே எடுத்து, “சொல்லுங்க” என்றார். அப்படியானால் இது வேறு யாருடையதோ. கிடைக்கவில்லை என்றேன். “வெளிய தெரியாதுங்க, உள்ளாற இருக்கும். தட்டிப் பாருங்க, சத்தத்துலயே தெரிஞ்சுரும்” என்றார். நானும் கட்டிலைத் தட்டினேன், சுவரைத் தட்டினேன். டொம் டொம் என்றதே தவிர ரிங் வரவில்லை.

அதற்குள் இன்னொரு தலைவலி. ஏசிக்குக் கீழே ஒழுகி, சுவர் கறுத்து, உள்ளே ஒரே ஈர வாடை. இந்த ஊரில் ஈரத்துக்கு வைத்தியம் தெரியாதவன் உண்டா? பேக்கிங் செக்‌ஷனில் கெஞ்சி, எக்ஸ்போர்ட் பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஒரு பை நிறைய வாங்கி மூலைக்கு மூலை போட்டேன். ஈரத்தை இழுக்கட்டும் என்று மூன்று மூட்டை பனியன் வேஸ்ட் துணியைக் கட்டிலுக்கு அடியில் திணித்தேன். வெளிக்காற்று வராமல் ஜன்னல்களுக்கு டேப் ஒட்டினேன். அப்படியும் வாடை போகவில்லை. சுவரில் தினமும் ஒரு மண் கோடு வேறு. துடைத்துவிட்டுப் போனால் மறுநாள் அதே இடத்தில் இருக்கும். பூட்டின வண்டிக்குள் யார் வந்து மண் பூசுகிறார்கள்? தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் இதுதான். இதில் எதையும் மனைவியிடம் சொல்லவில்லை. வண்டி கிடைத்துவிட்டது, நீ கவலைப்படாதே என்றதோடு சரி. அந்தப் போனை நான் அமுக்கிவிட்டேன் என்று ஓனர் நினைத்துவிட்டால் வேலை என்னாவது?

அசனத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி துருவித் துருவிக் கேட்டாள். போன் தொலைந்த கதையைச் சொன்னேன். “அவிய சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க” என்றாள். சொன்னேன். படுத்திருந்தவள் பதறிப்போய்க் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். “அது போன் இல்லங்க, கரையான்! இங்க கரையானத்தான் செல்லுன்னு சொல்லுவாவ. பக்கத்து வீட்டு அக்கா மரப் பீரோவ அதுதான் தின்னுச்சு.”

ஓடினேன். மெத்தையைப் புரட்டிக் கட்டில் பலகையை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. அடியில் பனியன் வேஸ்ட் மண்ணாகி, வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. மூன்று வாரமாக நானே அதுகளுக்கு விருந்து வைத்திருக்கிறேன். அவளை அதில் படுக்க வைத்து, வழியில் ஒரு குழியில் வண்டி குலுங்கி, அந்த முதுகோடு அவள் விழுந்திருந்தால்!

போன் செய்ததும் ஓனர் டூவீலரில் வந்துவிட்டார். “எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னீங்களா, உங்க பக்கத்து வழக்கமாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிலையும் பிளைவுட்டையும் இரும்புத் தகடு தெரியும் வரை பெயர்த்தெடுத்து, ஒழுகலை அடைத்து, மருந்தடித்து, ஜன்னலெல்லாம் திறந்து காயவைக்க நாலு நாள் ஆனது. மருந்து வாடை போன பிறகு தகட்டின் மேல் மெத்தை போட்டு அவளை அழைத்துப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சர்ச் வளாகத்தில் பந்தலைக்கூடப் பிரித்துவிட்டிருந்தார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தேன். அவளோடு படித்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து கதவுப் பக்கம் நின்று சாயங்காலம் வரை பேசினார்கள். அவள் சிரித்தாள், அழுதாள்.

திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “மொத நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா, அசனத்துக்கு வந்திருப்போம்லா?”

படுத்திருக்கிறவளுக்கு எதற்குத் தொந்தரவு என்று நாலு வருஷமாக என் கஷ்டம் எதையும் சொல்லி அவளிடம் யோசனை கேட்காமல் இருந்துவிட்டு, அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.