அப்ரிஷியேட் என்பதற்கு ஓர் உதாரணம்

எதைப் பார்த்தாலும் மார்க் போடுகிற வியாதி எனக்கு இருந்தது. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனுக்கு வேறென்ன வியாதி வரும்? சர்க்கரையும் இருக்கிறது. அது மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கத்தை முடித்து ஆமென் சொல்வதற்குள் பத்துக்கு நாலு என்று மனதுக்குள் போட்டிருப்பேன். கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு ஆறரை. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணின் உச்சரிப்புக்கு மூன்று. வீட்டில் மனைவி வைக்கிற குழம்புக்கு வாய்விட்டே சொல்வேன். ஏழுக்கு மேல் போனதாக நினைவில்லை. தாராளமாக மார்க் போட்டால் பிள்ளைகள் அடுத்த நாள் படிக்க மாட்டார்கள் என்று எங்கள் உத்தியோகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதையே குழம்புக்கும் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த தூத்துக்குடிக்குப் போவோம். அதற்கு எங்கள் பேச்சில் வேல்யுவேஷன் என்று பேர். ஒரு பெரிய ஹாலில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கத் திருத்துவோம். முப்பத்து மூன்றில் நிற்கிற பேப்பரை மற்றவர்கள் எங்கேயாவது இரண்டு மார்க் தேடிப் பிடித்து முப்பத்தைந்தாக்கி, பாஸ் என்று கரையேற்றி விடுவார்கள். நான் தேட மாட்டேன். "அண்ணாச்சி கையில மாட்டுனா அவ்வளவுதான்" என்று பக்கத்து பெஞ்சில் பேசிக்கொள்வார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்திக்கொண்டுதான் என் மனைவி பத்தாவது பாஸ் பண்ண ஆசைப்பட்டாள்.

அவள் ஊர் ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே, பருத்தியும் உளுந்தும் விளைகிற கரிசல் காடு. பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயில். அதோடு படிப்பை நிறுத்தி எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷில் ஃபெயில் ஆனவளை இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கொடுத்த கதையை என் வீட்டார் விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஒரே மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு, இவளுக்கு ஒரு தகவல் கிடைத்தது. இடைசெவல் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிற அம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த இடம் காலியாகும். பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அப்போது முப்பத்தேழு. காலையில் எந்த பஸ்ஸில் போவது, சாயங்காலம் எதில் திரும்புவது என்று நேரம்கூட விசாரித்து வைத்திருந்தாள்.

"பிள்ளைகளுக்குச் சோறு போட இங்கிலீஷ் எதுக்குடி?" என்று கேட்டேன்.

"அதை சர்க்காரைக் கேளுங்க. எங்க போனாலும் என்னை வாத்தியார் சம்சாரம்னுதான் சொல்லுதாவ. ஒரு ரெஜிஸ்டர்ல என் பேரு இருக்கணும். நான் தினமும் கையெழுத்துப் போடணும். அம்புட்டுதான்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு டுடோரியல் இருந்தது. மதியம் இரண்டு மணி வகுப்பில் சேர்கிறேன் என்றாள். எனக்குச் சுரீர் என்றது. என்னிடம் ஃபெயிலானவர்கள் போய்ச் சேருகிற இடம் அது. நடத்துகிறவரை அரைகுறை என்று ஸ்டாஃப் ரூமில் நான் கேலி பண்ணாத நாள் கிடையாது. "வாத்தியார் பொண்டாட்டியே டுடோரியலுக்குப் போனா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கிளாஸுக்குப் போவேன்? நானே சொல்லித் தாரேன்" என்றேன். பெரிய தியாகம் செய்வதாக அன்று எனக்கு நினைப்பு. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல இப்போதுதான் வாய் வருகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு நோட்டோடு உட்காருவாள். நான் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். நான் திருத்திக் கொடுத்த பக்கம் அம்மை போட்ட பிள்ளை முகம் போல இருக்கும். சரியாக எழுதியதற்கு ஒரு டிக் போடுவேன், சின்னதாக. தப்புக்குப் போடுகிற வட்டம் பெரிதாக இருக்கும். அக்டோபரில் பரீட்சை எழுதினாள். ஃபெயில்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி இருக்கிற சொற்களுக்குள் உள்ள வித்தியாசம் பரீட்சையில் வரும் என்று ஆறு சொற்களை எடுத்துக்கொண்டேன். ஆறும் ஒன்றை மதிப்பது பற்றிய சொற்கள். தமிழில் மதிப்பு என்று ஒரே சொல்லைப் போட்டு ஓட்டிவிடுகிறோம், இங்கிலீஷ்காரன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறான் என்று பீடிகை போட்டேன். விஷயம் தெரிந்த ஒருவன் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, இது இன்ன விலை பெறும் என்று சொன்னால் அப்ரைஸ். வரி போட, கணக்கெடுக்க, ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தால் அஸெஸ். நல்லது எது கெட்டது எது என்று ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னால் இவாலுவேட். இல்லாமல் ஆகாது என்று ஒன்றை முக்கியமாக நினைத்தால் வேல்யூ. ஒரு மனிதரை நாலு பேர் உயர்வாக வைத்துப் பார்த்தால் எஸ்டீம். கடைசியாக அப்ரிஷியேட். அதற்குத் தராசும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். ஒன்றின் அருமை தெரிந்து, தெரிந்ததால் மனசு நிறைந்து, அதை வெளியே காட்டுவது.

நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு விளக்கம் தெரிந்தவன் அதை ஒரு தடவையாவது செய்திருக்கிறானா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறுக்கும் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னேன். அவள் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். பருத்தி யாவாரி என் அப்பாவின் பருத்தியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து அப்ரைஸ் செய்தார். வீட்டு வரிக்காரர் எங்கள் வீட்டை அஸெஸ் செய்ய வந்தார், என் கணவர் பின்கட்டைக் காட்டவில்லை. என் கணவர் விடைத்தாள்களை இவாலுவேட் செய்கிறார், என் குழம்பையும் செய்கிறார். கரிசல் நிலத்துக்காரர்கள் ஐப்பசி மழையை வேல்யூ செய்கிறார்கள். இந்தத் தெருவில் எல்லாரும் என் கணவரை எஸ்டீம் செய்கிறார்கள்.

ஐந்து வாக்கியமும் இடம் தெரிந்து எழுதியவை. என் வகுப்பில் ஒரு பையனுக்கும் அது வந்திருக்காது. நான் விட்டுப்போன எழுத்துகளையும் நிறுத்தக் குறிகளையும் வட்டம் போட்டுக்கொண்டே கீழே வந்தேன். ஆறாவது வரியில் நம்பர் மட்டும் இருந்தது.

"இதை ஏன் காலியா விட்டிருக்க?"

"யோசிச்சுப் பாத்தேன். நம்ம வீட்டுல அதுக்கு ஒரு உதாரணமும் அம்புடல."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி இல்லை என்று வந்து சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. தெரியாததற்குச் சாக்குச் சொல்கிறாள் என்று முட்டை போட்டு, பக்கத்தில் 'மறுபடி படிக்கவும்' என்று எழுதினேன்.

மார்ச்சில் மறுபடி எழுதினாள். மறுபடி ஃபெயில். அடுத்த வருஷம் அந்த அம்மா ஓய்வு பெற, வேறு ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. அது தெரிந்த அன்று நோட்டுகளையெல்லாம் எடுத்துப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்கிங் போக ஆரம்பித்தேன்.

அதன் பிறகு அவளுக்குப் பக்தி அதிகமாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம் என்று பைபிள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். "இப்படிப் போய் நின்னா ஆண்டவருக்கே சலிச்சிரும்" என்று கேலி செய்தேன். "ஜெபிக்க எவ்வளவோ இருக்கு" என்றாள். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. குழம்புக்கு நான் மார்க் சொன்னால் முன்பெல்லாம் முகம் கொஞ்சம் மாறும். இப்போது அதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். அதை நான் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து நாலில் ஓய்வு பெற்றேன். பென்ஷன் பேப்பர்களில் மனைவி பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டார்கள். அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டைக் கரையான் அரித்திருந்தது. முகப்பு அறையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதுல தேதி இருக்கு. இது போதுமான்னு பாருங்க."

பத்தாவது மார்க் ஷீட். பிரைவேட்டாக எழுதியது. ஆறு வருஷத்துக்கு முந்தையது. இங்கிலீஷ் என்று ஒரே பாடம், ஐம்பத்திரண்டு, பாஸ்.

"இது எப்போ?" என்றேன்.

நின்றுகொண்டே சொன்னாள். ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற மூன்று நாள் டுடோரியல். சர்ச்சில் சீட்டுப் பிடித்த காசில் ஃபீஸ் கட்டியிருக்கிறாள். மார்ச்சில் நான் விளாத்திகுளத்துக்குப் பரீட்சை டூட்டிக்குப் போன வாரம், இங்கே என் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

"வேலைதான் போயிருச்சே. அப்புறம் எதுக்கு எழுதுன?"

"ஃபெயிலாவே இருக்கணுமா?"

பிறகு அவளே, "ரிசல்ட் வந்த வாரம் ஜெபக்கூட்டத்துல ஐயரம்மா என்னை எழுப்பி நிக்க வச்சு எல்லாரையும் கைதட்டச் சொன்னாவ. ஒரு பேனா வாங்கித் தந்தாவ. எனக்கு அழுகையா வந்துட்டு" என்றாள்.

அப்படியென்றால் சர்ச்சில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு கைகுலுக்கியவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், அந்த டுடோரியல் அரைகுறை வாத்தியார் உள்பட எல்லாருக்கும் தெரியும். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்களும் ஏன் என்று கேட்காமலே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்க் ஷீட் கொடுத்த தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஜூன் சாயங்காலம் ஞாபகம் வந்தது. பண்டிகை இல்லை, பிறந்தநாள் இல்லை, அவள் கேசரி கிண்டி வைத்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் சாப்பிடுகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். "நீங்க சாப்பிடுங்க, சொல்லுதேன்" என்றாள். ஒரு வாய் போட்டுவிட்டு, சீனி ஜாஸ்தி, முந்திரி கருகிப்போச்சு, அஞ்சரை என்றேன். அவள் சிரித்தாள். விசேஷம் ஒன்றுமில்லை, ரவை பழசாகிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

முகப்பு அறையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், நான் தாளைத் திருப்பித் தர வேண்டும் என்று.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, அம்பத்திரண்டுதானான்னு கேப்பீங்க."

அப்படியெல்லாம் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் பொய்யாகியிருக்கும். அந்தத் தாளை அவள் என் கையில் கொடுத்தவுடன், தேடிக்கொண்டிருந்த பிறந்த தேதியை விட்டுவிட்டு என் கண் நேரே இங்கிலீஷ் மார்க்குக்குத்தான் போனது. எப்போது என்று கேட்பதற்கு முன்னால், சந்தோஷமோ வெட்கமோ வருவதற்கு முன்னால், எனக்குள் முதலில் ஓடியது அந்த ஒரு வார்த்தைதான். ஐம்பத்திரண்டுதானா.