கயிறு கட்டிய கால்

அத்தானின் இடது கால் வீங்கியபோது முதலில் சிரித்தது நான்தான். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட, அக்காவோடு வட்டுக்கோட்டைக்கு வந்து என் வீட்டில் தங்கியவர் அவர். ஐம்பத்திரண்டு வயதிலும் சைக்கிளில் இரண்டு கட்டு விறகு ஏற்றி வருவார். அதை நாலு பேருக்குச் சொல்லாமலும் விடமாட்டார். ஆகவே அந்த வீக்கத்தில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

இரண்டு கிழமையில் இடது கால் வற்றி வலது கால் வீங்கியது. பிறகு அதுவும் குறைய, கையில் நரம்பொன்று கயிறுபோலத் தடித்துச் சிவந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாஸ்டர், இரத்தம் கட்டியாகுது. காரணமில்லாமல் இப்பிடி இடம் மாறி மாறி வந்தால், உள்ளுக்குள்ளை எங்கையோ புற்று ஒளிச்சிருக்கலாம். இங்கை பாக்க வசதியில்லை. கெதியாக் கொழும்புக்குக் கொண்டு போங்கோ."

கடிதமும் தந்தார்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்காக ஊரில் இல்லாத நோயெல்லாம் வந்தது. விசா கிடைத்தவனுக்கு மறுநாளே நெஞ்சுநோ. அதனால் பாஸ் கொடுப்பவர்கள் எந்த நோயையும் லேசில் நம்புவதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சங்கக்கடை மண்ணெண்ணெய் வரிசையில் வாயைத் திறந்தேன்.

"அத்தான்ரை வீக்கமும் எங்களை மாதிரித்தான், ஒரு இடத்திலை இருக்க ஏலாமல் இடம்பெயர்ந்து திரியுது. எல்லாம் பாஸ் எடுக்கிற அலுவல். அக்கா விடிய எழும்பி, இண்டைக்கு எந்தக் காலப்பா எண்டு கேட்டு, அது வீங்கக் கயிறு கட்டிவிடுறா."

வரிசை முழுக்கச் சிரித்தது. மண்ணெண்ணெய் முடிந்துபோனதுகூட ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை.

நாலாம் நாள் அத்தானைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் கடிதத்தைப் படித்தார். கையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இண்டைக்குக் கயிறு கையிலையோ? வீக்கம் ஒரு இடத்திலை நிண்டாப்பிறகு வாங்கோ."

"கயிறோ? என்ன கயிறு, தம்பி?" என்று அத்தான் அவரிடமே கேட்டார்.

அது என் பகிடி என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் அத்தானுக்கும் தெரிந்துவிடும். நான் சுவரிலிருந்த கலண்டரைக் கவனமாகப் படித்தேன்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து கேட்டார். "உந்தக் கயிறுக் கதை ஆர் கட்டினது, மச்சான்?"

"சனம் சும்மா கதைக்கும், அத்தான்."

இன்னும் மூன்று தரம் போனோம். ஏழாம் கிழமை பாஸ் கிடைத்தது. அதற்குள் அத்தானின் கண் மஞ்சளாகி, வயிற்றில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அதே டொக்டர் பாஸை வாங்கிப் பார்த்து, மடித்து, என்னிடமே தந்தார்.

"கணையத்திலை போலக் கிடக்கு. இனி ஆளை அலைக்காதேங்கோ."

"முதலே போயிருந்தால்?"

"பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும், மாஸ்டர்."

அந்தப் 'பெரும்பாலும்' மேல்தான் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன்; ஒரு கால் ஆடுகிற கதிரை அது. பிற்பாடு புத்தகங்களில் தேடினேன். இந்த அறிகுறியை நூறு வருடத்துக்கு முன்னரே பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் எழுதிவைத்து, பிறகு தன் உடம்பிலேயே கண்டு, தனக்கு இனி வழியில்லை என்று அறிந்தாராம். அவருக்கு என்னைப்போல ஒரு மச்சான் இருந்ததாகப் புத்தகம் சொல்லவில்லை.

அத்தானின் செத்தவீட்டில், பந்தலுக்குள் என் பக்கத்தில் உடுப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. என் காதுக்குள் குனிந்தார்.

"இந்த மனிசன்ரை கயிறுக் கதை தெரியுமே?"

முழுவதையும் சொன்னார். அக்கா எந்தக் கால் என்று கேட்கிற இடத்தில் குரலை மெல்லியதாக்கி, ஒரு கணம் நிறுத்தி, என்னைவிடத் திறமாகச் சொன்னார். உள்ளே அக்கா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன்.