திரையை மூடிய கைக்குட்டை

எங்கள் கல்லூரி ஆய்வகத்து பவர் சப்ளைப் பெட்டியைச் சோதிக்க வந்தவர், என் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பினேன். லகாட் என்ற ஊர்க்காரர், ஒல்லி, சிரிக்காத முகம். முதலில் கைக்குட்டையால் பெட்டியின் திரையை மூடினார். எங்கே போனாலும் அப்படித்தானாம். பிறகு தன் மீட்டரைச் செருகினார். நான் ஐந்து வோல்ட் வைத்திருந்த பெட்டி ஏழு கொடுத்தது.

“சோதிச்சாச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனது யாரு?”

“நான்தாண்ணே. திரையில அஞ்சு காட்டுச்சு.”

“காட்டும்லா! அது சொன்னதக் கேட்டு அதுக்கே நற்சான்றா? இதுல மாட்டுன சர்க்கிட்டெல்லாம் கருகியிருக்குமே, அப்ப யாரத் திட்டுனீங்க?”

“பசங்கள...”

“வெக்கமா இல்ல?”

கருகும் வாசனை வந்தது. அது நான்தான்.

என் வேலை போகவில்லை. ஸ்டிக்கரை உரித்து என் சட்டையில் ஒட்டினார். பெட்டியைச் சரியாக ஐந்துக்குக் கொண்டுவந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.