ஏலத்துக்கு வந்த பாட்டு

போன வாரம் என் மகன் போனில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "இது ஒங்க காலத்துப் பாட்டுதாம்மா, ஆனா ஒனக்குத் தெரியாது" என்றான். அடுத்த வரியை நான் பாடியதும் வாயைப் பிளந்தான். அந்த வெளிநாட்டுக் குழு பேரும் புகழும் அடைவதற்கு முன்னால் போட்ட ஆல்பம் அது. பாதி ராப், பாதி பங்க், இன்னும் இடம் மிச்சமிருந்ததுபோல அதற்கு மேல் மெட்டல். எங்கள் சர்ச் வளாகத்தில் மைக் வைத்துக் கேட்ட ஆல்பம் என்றால் அவன் நம்பவா போகிறான்?

அந்தக் கேசட் அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை. மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒரு வருஷம் முடியுமுன்னே ஒற்றைப் பையுடன் திரும்பி வந்துவிட்டாள். பையில் கொஞ்சம் சேலைகளும் கல்லூரித் தோழி கொடுத்த அந்தக் கேசட்டும்தான். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அத்தை யாரிடமும் அழவுமில்லை. சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் பழைய டேப்ரிக்கார்டரில் அதைப் போடுவாள். என்னை மட்டும் உள்ளே விடுவாள். ஒருவன் மூச்சுவிடாமல் பேசுவான், இன்னொருவன் தொண்டை கிழியக் கத்துவான், பின்னால் கல்குவாரி மெஷின் மாதிரி கிதார் உறுமும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பாள்.

"அண்ணனுக்குத் தெரியப்பிடாது மக்கா" என்பாள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சபையின் பாடகர் குழுத் தலைவர். கீர்த்தனையில் தாளம் கொஞ்சம் பிசகினாலே முகத்தைச் சுளிப்பார். நல்லவேளையாக, அத்தை பாட்டுப் போடுகிற நேரம் பார்த்துத்தான் அவர் கிணற்று மோட்டாரைப் போடுவார். அந்த இரைச்சலில் வேறொன்றும் கேட்காது. போட்டுவிட்டு மறந்தும் போவார். தொட்டி வழிந்து முற்றம் குளமாகும், அம்மா திட்டித் தீர்ப்பாள்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு அம்மா ஒரு சேவலை நேர்ந்துவிட்டிருந்தாள். கோழியோ வாழைக்குலையோ தேங்காயோ வீட்டுக்கு வீடு கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்ததும் சபையாரே அதை ஏலம் எடுப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். முந்தின நாள் சேவலைக் கீரி கொண்டுபோய்விட்டது. வெறுங்கையோடு போக அம்மாவுக்கு மனசில்லை. துபாய் மாமா புதிதாக ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருந்ததால், பழையதைத் துடைத்துப் பூ வைத்து எடுத்துக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கவில்லை. அத்தை பாடகர் குழுவோடு முன்னாலேயே சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் அது இருப்பதைப் பார்த்ததும் என் கண் அத்தையைத் தேடியது. அத்தையும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

ஏலம் விட்ட சபைச் செயலாளர் எதையும் சோதிக்காமல் விற்கமாட்டார். "ஓடுதான்னு பாக்கணும்லா" என்று டேப்ரிக்கார்டரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். கர்த்தரின் பாடலை எதிர்பார்த்துக் கண்ணை மூடியவர்களும் உண்டு. குழாய் ஸ்பீக்கர் அலறியது. தென்னை மரத்துக் காக்கைகள் பறந்தன. போதகர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கோழி வாங்க வந்திருந்த ஒரு பெரியம்மா, "யாருடே இது, இப்பிடிக் கெடந்து கத்துகான்? அவனுக்கு என்ன கஷ்டமோ!" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

செயலாளர் தடவித் தடவி ஒருவழியாக நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "யாருக்க கேசட்டு சாரே இது?"

தலைகள் எல்லாம் அத்தையின் பக்கம் திரும்பின. அவள் வாழாமல் வந்ததற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த ஊருக்கு அது ஒன்று போதும். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா அவளை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவார் என்றே நான் நினைத்தேன்.

அப்பா எழுந்து நின்றார். "எனக்குள்ளதுதான்" என்றார். "தாளம் படிக்கதுக்கு வச்சிருக்கேன். மெஷினு எனக்கே வேணும், நீரு ஏலத்தச் சொல்லும்."

பின்னாலிருந்து ஒருவர், "சாருக்கு வயசு திரும்புகு டே!" என்றார். சபை முழுக்கச் சிரித்தது, போதகரும் சிரித்தார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் டேப்ரிக்கார்டர் அப்பாவுக்கே விழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான், அதுவும் சர்ச் வளாகத்தில்.

வீட்டுக்கு வந்ததும் அதை அத்தையின் மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பா சாப்பிடப் போனார். அத்தை பண்டிகைச் சேலையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததும் அன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் மோட்டாரைப் போட்டார்.

நான் ஓடினேன். "அப்பா, தொட்டி நெறஞ்சுதான் கெடக்கு!"

"தெரியும் மக்கா" என்றார். கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு அத்தையின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில், மோட்டார் இரைச்சலுக்கு அடியில், கிதார் உறுமத் தொடங்கியது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று அவள் திட்டவில்லை.

தொட்டி நிறைந்திருப்பது தெரிந்தும் எதற்குத் தண்ணீர் விடுகிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வழிகிற தண்ணீரில் கால் நனைக்க ஓடிவிட்டேன்.