யாரும் எடுக்காத அளவு

காலை ஐந்தே முக்காலுக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினோம். பெங்களூருக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். மகன் முகிலுக்கு ஆறு வயது. பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கால்கள் விறைத்துக்கொள்ளும், தனியாக நிற்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடுகோடியில் இருக்கும் பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். பள்ளி விடுமுறை என்பதால் இந்தத் தடவை அவன் அக்கா நிலாவும் வந்தாள், ஒன்பது வயது. ஜன்னலோரம் முகிலுக்குத்தான், எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம். நிலா பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

எட்டே முக்காலுக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். தோளில் முகிலைப் பார்த்ததும், "இருநூறு குடும்மா, ஏறு. டிராபிக் ஜாஸ்தி, ஸ்வல்ப லேட்டாவும்" என்றார். சொன்னபடியே பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே சுமதி இருந்தாள், பக்கத்து ஆஸ்டின் டவுன்காரி. அவள் மகள் ரோஜாவுக்கும் முகில் வயதுதான், அதே கோளாறுதான். போன தடவை இரண்டும் ஒரே பாயில் கிடந்தன. இன்று ரோஜா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தாள். எண்ணினேன். பதினோரு அடி.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? ஒரு குழந்தை நடப்பதைப் பார்த்து எரிவது அசிங்கம்தான். ஆனாலும் எரிந்தது.

"டெய்லி கூட்டிட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஒரே பஸ்ஸு, கால் மணி நேரம். வீட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்றது?"

கால் மணி நேரமாம்! நானோ வீட்டுச் சுவரில் ஒட்டிய பயிற்சிப் படத்தைப் பார்த்துப் பார்த்து, குக்கர் விசிலுக்கு நடுவே அவன் காலை நீட்டி மடக்குகிறேன்.

பையோடு நின்ற நிலாவைச் சுமதி மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு இன்னாக்கா, ஒத்தாசைக்கு பொண்ணு கீது. எனக்கு இவ ஒருத்திதான்." அவள் குரலிலும் எரிச்சல் இருந்தது. எனக்கு உள்ளூர இனித்தது.

பதினொன்றரைக்கு, முகிலின் காலைத் தாங்கும் பிளாஸ்டிக் உறைக்கு அளவெடுத்தார்கள். டெக்னீஷியன் ஓர் இளம்பெண். தரையில் பழுப்புத் தாளை விரித்து, அவன் பாதத்தை அதில் பதித்து, பேச்சுக் கொடுத்தபடியே பென்சிலால் சுற்றி வரைந்தாள். "பெல்ட்டு ரெட்டா, ப்ளூவா ராஜா?" முகில் நீலம் என்றதும் எல்லோரும் கை தட்டினோம். பழைய அளவுகள் அத்தனையும் இருக்கும் ஃபைலை நான் பெருமையாக நீட்டினேன்.

அப்போது நிலா செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளின் ஓரத்தில் ஏறி நின்றாள். "எனக்கும் வரைங்கக்கா."

"உனக்கென்னடி கேடு? கால் நல்லாத்தானே இருக்கு?" என்று அதட்டினேன்.

"அதனாலதான் யாரும் பாக்கறதே இல்ல."

டெக்னீஷியன் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து வரைந்தாள். பிறகு நிலாவின் செருப்பை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். செருப்பைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்குக் கோடு வெளியே நின்றது. குதிகாலில் காய்ந்துபோன கொப்புளம்.

"என்ன சைஸ் போடறா, மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. அதில் இருக்காது என்று தெரிந்தும் ஃபைலைப் புரட்டினேன்.

ஒரு மணிக்கு அடுகோடியிலேயே ஒரு கடையில் செருப்பு வாங்கினோம், இருநூற்று எண்பது ரூபாய். நிலா நீல வார் வைத்ததைத்தான் எடுத்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் முந்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். முகில் வீறிட்டு என்னை அடித்தான். எதிரில் இருந்த அம்மாள், "பாவம், முடியாத புள்ள. விட்டுக்குடேன் பாப்பா" என்றார். நிலா என்னைப் பார்த்தாள்.

"அவளே உக்காரட்டும்மா" என்றேன்.

பாதி வழி, பங்காருப்பேட்டை வரை முகில் பொறாமையில் அழுதான். என் பிள்ளையாயிற்றே. நிலா ஜோலார்பேட்டை வரும்வரை நகரவில்லை. புதுச் செருப்பைக் கழற்றவும் இல்லை.