ரெண்டு மணிக்குப் பெரட்டு

ஈப்போ பக்கத்து மெங்லெம்புவில், கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாறு செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே போத்தலில் அடைத்து, பெட்டியில் கட்டி முடித்த சரக்கெல்லாம் லோரி ஏறும்வரை குமுதாவின் பொறுப்பு. ஸ்டோரில் ஒரு பெட்டி தும்மினால்கூடக் குமுதாவுக்குக் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், பத்தடி தள்ளி நின்றே எந்த அடுக்கு அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று அவள் சொல்லிவிடுவது உண்மை.

பெட்டியில் போட்டிருக்கும் அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும். ஐந்து அடுக்குக்கு மேல் ஏற்றக் கூடாது. செங்கல் கட்டுவதுபோல ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். போர்க்லிப்ட் மூலை திரும்பும்போது ஹார்ன் அடிக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. அவளுக்கு முன்னால் ஸ்டோரைப் பார்த்தவர் ஆறாவது அடுக்கும் ஏற்றினார். அது சரிந்து, பொட்டலம் கட்டும் பாப்பா என்பவளின் கால் கட்டைவிரல் நசுங்கியது. அவர் வீட்டுக்குப் போனார். அந்த இடத்துக்குக் குமுதா வந்தாள், தற்காலிகமாக.

அந்தத் தற்காலிகத்துக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. முதன்முதலாகக் கப்பல் ஏறப்போகிற சரக்கு, பாலட் என்கிற மரத்தட்டில் அடுக்கி இருபது பாலட், வியாழக்கிழமை நாலு மணி லோரியில் கிள்ளான் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். "ஒரு போத்தல்கூட உடையாமப் போச்சுன்னா உன் கடிதத்துல கையெழுத்துப் போடுறேன்" என்றிருந்தார் மேனேஜர் லியோங். அந்தக் கடிதம் வந்தால்தான் வேலை நிரந்தரம்.

குமுதா பிறந்து வளர்ந்தது சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். தோட்டம் போய்விட்டது, சொல் அவள் வாயிலேயே தங்கிவிட்டது. ஸ்டோரில் ஆட்களைக் கூட்டிப் பேசுவதென்றாலும் அவளுக்கு அது பெரட்டுதான். பாப்பாவும் தோட்டத்துக்காரி, புரிந்துகொள்வாள்.

வியாழக்கிழமை மதியம், மேல்மாடியில் கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் குமுதா எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள்: "ரெண்டு மணிக்குப் பெரட்டு. மூணாம் வரிசை. லேட் ஆகக் கூடாது."

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். திருக்குமரன் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாண வம்சம், ஈப்போ டவுனிலேயே வளர்ந்தவர். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போன திங்கட்கிழமைதான் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணியாகச் சேர்ந்திருந்தார். செய்தியைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிள்ளைக்கு எழுத்துப்பிழை, 'பிரட்டு' என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறாள் என்று மனதுக்குள் மன்னித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கப்பல் சரக்கு நின்ற மூன்றாம் வரிசைக்குப் போனார்.

சரியாக இரண்டு மணிக்குக் குமுதா இறங்கி வந்தபோது, முதல் பாலட்டின் அறுபது பெட்டிகளும் தலைகீழாக நின்றன. அம்புகள் எல்லாம் தரையைப் பார்த்தன. பக்கத்தில் திருக்குமரன் வியர்த்துப் போய், பெருமையாக நின்றார்.

"ஐயா! என்ன வேலை லா இது?"

"நீங்கள்தானே பிள்ளை பிரட்டச் சொல்லி எழுதிப் போட்டியள்?"

"பெரட்டுன்னா ஆளுங்க கூடுறது ஐயா! அம்பு போட்டிருக்கே, அதையாச்சும் பாத்தீங்களா?"

"பார்த்தனான். அம்பு மேலே எண்டுது, மேலதிகாரி கீழே எண்டுறா. நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

சாப்பிட்டுவிட்டு வந்த பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை, எங்களைப் பெரட்டாம விட்டீங்களே!"

சிரிக்க நேரமில்லை. மூன்று பேரும் பெட்டிகளை நிமிர்த்தத் தொடங்கினார்கள். நாலாவது பெட்டியைத் தூக்கியபோது குமுதாவின் விரல் பிசுபிசுத்தது. பார்த்தால், கறுப்பாக ஈரம். அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. அறுபதில் பதினொன்று கசிந்திருந்தன.

போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள். அரைச் சுற்றுக்கு அது சும்மா சுழன்றது. தேதி முத்திரையைப் பார்த்தாள்: செவ்வாய்க்கிழமை அடைத்தது. அதே முத்திரையோடு இன்னும் இரண்டு பாலட் இருந்தன. அவற்றிலிருந்தும் சில பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள்; கால் மணிக்குள் அவையும் கசிந்தன.

பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நனைஞ்ச பெட்டிய மாத்தி, நிமித்தி வச்சிட்டா யாருக்குலா தெரியும்? நாலு மணிக்கு லோரி. உன் கடிதத்தை நெனச்சுப் பாரு."

குமுதா நினைத்துத்தான் பார்த்தாள். எட்டு மாதமாக அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நின்ற இடத்தில் நின்றால் இந்தப் போத்தல்கள் கசியாது. லோரி குலுங்கும், கப்பல் ஆடும், அப்போது கசியும். நனைந்த அட்டை மேலே இருக்கிற பாரத்தைத் தாங்காது. அடி அடுக்கு உட்கார்ந்தால் மேல் அடுக்கு சாய்ந்து கண்டெய்னர் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஊரில் கதவைத் திறக்கிறவன் தலையில்தான் எல்லாம் இறங்கும்.

"உன் கட்டைவிரலு இப்ப எப்படி இருக்கு பாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பாப்பா நனைந்த பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்தாள்.

கசிந்த போத்தலோடு குமுதா மேல்மாடி ஏறினாள். லியோங் முதலில் கத்தினார், பிறகு மூடியைத் திருகிப் பார்த்தார், பிறகு மூடி போடும் மெஷின்காரனைக் கூப்பிட்டுக் கத்தினார். மூன்று பாலட்டை நிறுத்திவிட்டு மீதியைக் கட்டி ஏற்ற ஐந்தரை ஆகிவிட்டது. இருபதுக்குப் பதினேழு. அன்றைக்குக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை.

கடிதம் அடுத்த மாதக் கடைசியில் வந்தது. அதில் அவள் செய்ய வேண்டிய வேலைகள் மலாய் மொழியில் அச்சாகியிருந்தன. ஏழாவது வேலை: லோரி ஏற்றுவதற்கு முன் பாலட்டுக்கு ஒரு பெட்டியை ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்துக் கசிவு பார்ப்பது. அதற்கு லியோங்குக்கு வேறு பேர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. 'பெரட்டு' என்றே போட்டிருந்தார்.

இப்போது ஸ்டோரில் இரண்டு பெரட்டு. குமுதா செய்தி அனுப்பினால் உடனே திருக்குமரனிடமிருந்து பதில் வந்துவிடும்:

"ஆக்களையோ பிள்ளை, பெட்டியையோ?"